வித்தைச் சாமான்களை வகை பிரிப்பது எப்படி? பந்து முதல் பம்பரம் வரை முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்து மண்டபத்தைத் திறந்ததும் பிள்ளைகள் நேராக அலமாரிக்குத்தான் ஓடுவார்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து மோட்டாரில் பதினைந்து நிமிஷம். முன்பு பால்மரக்காடு, இப்போது சுற்றிலும் செம்பனை. அலமாரியில் பந்து, வளையம், யோ-யோ, டயாபொலோ, கெண்டாமா, பம்பரம் என்று எழுபதுக்கும் மேற்பட்ட சாமான்கள் இருக்கின்றன. பாதி பாசார் மாலாமில் வாங்கியவை, மீதி நாங்களே செய்தவை.

ஆரம்பத்தில் நான் இவற்றை உருவம் பார்த்துத்தான் பிரித்திருந்தேன். உருண்டையானது ஒரு பெட்டி, நீளமானது ஒரு பெட்டி, கயிறு உள்ளது ஒரு பெட்டி. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு பையன் துள்ளும் ரப்பர் பந்துகளை எடுத்துப்போய் மூன்று பந்து வித்தை பழக ஆரம்பித்தான். தவறவிட்ட பந்து ஒவ்வொன்றும் சிமெண்டுத் தரையில் துள்ளி, வாசலைத் தாண்டி, வாய்க்காலுக்குப் போனது. ஒரு மணி நேரத்தில் அவன் எறிந்ததைவிடப் பொறுக்கியதுதான் அதிகம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. பழகுவதற்கு உரிய அரிசிப் பந்தும் அதே பெட்டியில், அடியில் கிடந்தது. பந்துதானே என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டது என் தவறு.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கொட்டி, கை அந்தச் சாமானை என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரித்தேன். இப்படிப் பிரித்தால், ஒரு பெட்டியில் ஒன்றைப் பழகிய பிள்ளை பக்கத்தில் இருப்பதையும் பாதி பழகியதாக ஆகிவிடுகிறது. பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ வீட்டிலோ இப்படி ஒரு சேர்மானம் வைத்திருப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: பாயை விரித்துக் கொட்டுங்கள்

பெரிய பாய் ஒன்றை விரித்து, இருப்பதை எல்லாம் கொட்டுங்கள். கடையில் வாங்கியது மட்டும் வேண்டாம். அஞ்சாங்கல், கித்தாக் கொட்டை (ரப்பர் மரக் கொட்டை), சிலம்பக் கம்பு, மலாய்ப் பிள்ளைகள் காலால் தட்டி விளையாடும் சாப்தே, தாத்தா செதுக்கிக் கொடுத்த பம்பரம், எல்லாம் பாய்க்கு வரட்டும். ஜப்பானிலிருந்து வந்த கெண்டாமாவுக்கு ஓர் இடம் உண்டு என்றால், லயத்து வாசலில் ஆடிய அஞ்சாங்கல்லுக்கும் ஓர் இடம் உண்டு.

அப்புறம் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரு நிமிஷம் ஆடிப் பாருங்கள். ஆடத் தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளையை ஆடச் சொல்லிக் கவனியுங்கள். கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். ஆடும்போது சாமான் உடம்பை விட்டு முழுசாகப் பிரிந்து போகிறதா? அதை நிலையாக வைத்திருப்பது எது: அதன் சுழற்சியா, கயிறா, நம் கையா? தவறினால் அது எங்கே போகும், யார் மேல் படும்?

முதல் இரண்டு கேள்விகள் பெட்டியை முடிவு செய்யும். மூன்றாவது, மண்டபத்தில் எந்த மூலையில் ஆடலாம் என்பதை முடிவு செய்யும்.

படி 2: எறிந்து பிடிப்பவை

கையை விட்டு முழுசாகப் போய் மறுபடி கைக்கு வருபவை எல்லாம் இங்கே. பந்து, வளையம், எறிந்து பிடிக்கும் கட்டையான கிளப், அஞ்சாங்கல். பழமையும் இந்தக் குடும்பத்துக்கு அதிகம். எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்துக் கல்லறைச் சுவரில் பெண்கள் பந்து எறிந்து பிடிக்கும் ஓவியம் இருக்கிறது. வயது சுமார் 4000 ஆண்டு. பசிபிக் கடலில் தொங்கா தீவுச் சிறுமிகள் ஒரு கொட்டையை வைத்து இதே வித்தையை ஆடுகிறார்கள். அந்தக் கொட்டை வேறொன்றுமில்லை, நாம் குழம்புக்கு அரைக்கும் புவா கெராஸ்தான். அதுவும் நம் கித்தா மரமும் ஒரே தாவரக் குடும்பம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் வீட்டு அடுப்படியிலிருந்து நாலைந்து புவா கெராஸைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தப் பெட்டிக்குள் கட்டாயம் இரண்டு பை வேண்டும். ஒன்று விழுந்தால் கிடக்கும் பந்து, இன்னொன்று விழுந்தால் துள்ளும் பந்து. பழகுபவருக்கு முதல் வகைதான். எடை 100 முதல் 130 கிராம், குறுக்களவு ஆறரை, ஏழு சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் சிறிதாக, லேசாக. வீட்டிலேயே செய்யலாம். மெல்லிய பிளாஸ்டிக் பையில் 100 கிராம் அரிசி போட்டு, காற்றில்லாமல் முடிச்சிட்டு, கழுத்து வெட்டிய பலூனுக்குள் திணித்து, எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு பலூனை மாட்டுங்கள். துணிப்பையில் வெறும் அரிசியைப் போட்டுத் தைத்தால் நம் ஊர் ஈரத்தில் வண்டு வந்துவிடும். கித்தாக் கொட்டை அஞ்சாங்கல்லுக்கு நன்றாக இருக்கும், மூன்று பந்துக்கு உதவாது. ஒன்று சில கிராம்தான் இருக்கும், கைக்கு வந்து விழுந்தது தெரியாது.

துள்ளும் பந்து வேறு வித்தை. அதைத் தரையில் அடித்து, எழும்பி வரும்போது பிடிக்க வேண்டும். எறிவதும் பிடிப்பதும் இருப்பதால் பெட்டி இதேதான். ஆனால் பை வேறு, பையின் வாய் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

அஞ்சாங்கல்லை இங்கே வைத்ததற்குக் காரணத்தைக் கண்ணால் பார்த்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி. பந்தைத் தொட்டதே இல்லை, அஞ்சாங்கல்லில் தெருவையே ஜெயிப்பாள். அவள் கல்லை மேலே போட்டதும் கண் கல்லோடு போய் உச்சியில் நின்றுவிடும். கை தரையில் மற்றக் கல்லை வாருவதைப் பார்க்கவே மாட்டாள். மூன்று பந்தைக் கொடுத்தேன். பந்து உச்சிக்குப் போனதும் அடுத்ததை எறி என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் கையைக் கையைப் பார்த்துத் தடுமாற, அவள் கண் தானாக உச்சியில் நின்றது. “மாமா, இது கல்லு மாதிரிதானே, கை மட்டும் ரெண்டு” என்றாள். அன்றைக்கே ஆறு பிடி விழாமல் போட்டாள். மலாய்க்காரர்கள் இதே ஆட்டத்தை பத்து செரம்பான் என்பார்கள். பேர் எதுவானாலும் கண் செய்யும் வேலை ஒன்றுதான்.

இந்தப் பெட்டிக்கு உயரமும் ஒரு பிரிவு. ஒரு மீட்டர் உயரத்துக்கு எறிந்த பந்து கைக்குத் திரும்ப சுமார் 0.9 வினாடி ஆகும். அந்த நேரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும், அதாவது நான்கு மீட்டர். பந்தின் எண்ணிக்கை கூடக் கூட உயரமோ கையின் வேகமோ கூடியாக வேண்டும். எங்கள் மண்டபத்து தகரக் கூரை தாழ்வு, மின்விசிறியும் சுற்றுகிறது. ஆகவே மூன்று பந்து உள்ளே, நான்குக்கு மேல் திடலில்.

வித்தைகளையே வகை பிரிக்க ஓர் எண் முறையும் உண்டு. சைட்ஸ்வாப் என்று பெயர். 1980களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியாகப் பலர் கண்டுபிடித்தது. எறிந்த பந்து எத்தனை தாளம் கழித்து மறுபடி எறியப்படுகிறதோ அதுதான் அதன் எண். சாதாரண மூன்று பந்து ஆட்டம் 3, 3, 3 என்று ஓடும். 531 என்றால் முதல் பந்து உயரமாக, அடுத்தது சாதாரணமாக, மூன்றாவது ஒரு கையிலிருந்து மறு கைக்கு நேராக. ஐந்தும் மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்பது, மூன்றால் வகுத்தால் மூன்று. அதுதான் பந்தின் எண்ணிக்கை. 441 என்று எழுதினாலும் சராசரி மூன்றுதான். கணக்கு பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், தாங்களாகவே புது வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். சராசரி முழு எண்ணாக வந்தால் மட்டும் போதாது, இரண்டு பந்து ஒரே தாளத்தில் ஒரே கைக்கு வரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வளையம் காற்றில் சுழன்று போவதால் நேராக நிற்கும். குறுக்களவு சுமார் 32 சென்டிமீட்டர். வெளியே காற்றடித்தால் எடுத்து வைத்துவிடுங்கள், ஆட முடியாது. கிளப்பின் நீளம் அரை மீட்டரை ஒட்டி, எடை 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதன் வடிவத்துக்கு மூலம் நம் கர்லாக்கட்டை. இந்தியாவில் அதைப் பார்த்த பிரிட்டிஷ் பட்டாளம் உடற்பயிற்சிக்கு எடுத்துப்போனது, அங்கிருந்து சர்க்கஸுக்குப் போய் மெலிந்து, எறிகிற சாமானாக மாறியது. கிளப்பை இங்கே வையுங்கள், கர்லாக்கட்டை வேறு பெட்டி. காரணம் படி 5இல் வருகிறது.

சாப்தே, செபாக் ராகா பந்து, 1972இல் அமெரிக்காவின் ஓரிகனில் உருவான, காலால் தட்டும் சிறு பையான ஹாக்கி சாக் ஆகியவையும் எறி குடும்பம்தான். கைக்குப் பதில் கால். ஒரு தனிப் பையில் போட்டால் போதும்.

படி 3: சுழற்சியால் உயிர் பிழைப்பவை

சுழற்சி நின்றதும் செத்துவிடும் சாமான்கள் இவை. பம்பரம், மலாய்ப் பம்பரமான காசிங், டயாபொலோ, யோ-யோ. நான் அதிகம் விரும்புவது இந்தப் பெட்டியைத்தான், குழப்பம் அதிகம் இருப்பதும் இதில்தான். கயிறு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒன்றாக முடிந்துவிடாதீர்கள். கயிறு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

பம்பரத்தில் கயிறு தொடங்கி வைக்கிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. சாட்டையை உருவியதும் பம்பரம் தனி. மலாய்க் காசிங்கும் அப்படித்தான். காசிங் பங்கா என்பது எதிராளியின் காசிங்கை அடித்துத் தள்ளும் ஆட்டம். காசிங் ஊரி என்பது யாருடையது அதிக நேரம் சுற்றுகிறது என்ற போட்டி. கிளந்தான், திரங்கானு பக்கம் ஊரி காசிங் ஐந்து கிலோவைத் தொடும். எறிந்ததும் இன்னொருவர் மெல்லிய மரத் தட்டால் அள்ளி எடுத்து ஒரு சின்னத் தூணின் தலையில் வைப்பார்; அங்கே அது மணிக்கணக்கில் சுற்றும். எடை ஓரத்தில் இருப்பதுதான் சூட்சுமம். நடுவில் மரம், விளிம்பில் உலோகம். ஓரத்தில் எடை இருந்தால் சுழற்சி சீக்கிரம் சோர்வதில்லை.

டயாபொலோவில் கயிறு கடைசிவரை வேலை செய்கிறது, ஆனால் கட்டியிருக்காது. இரண்டு கிண்ணத்தை முதுகோடு முதுகு ஒட்டியது போல இருக்கும். நடு இருசுக்குக் கீழே கயிறு, கயிற்றின் இரு முனையிலும் கோல். மூலம் சீனா. நம் நாட்டுச் சீனப்பள்ளிகளில் இதை சே லிங் என்று பழக்குகிறார்கள். வலது கைக்காரர் வலது காலருகே தரையில் வைத்து இடப்பக்கம் உருட்டித் தூக்க வேண்டும். அப்புறம் வலது கோலை இழுத்து இழுத்து வேகம் ஏற்றுவது. இடது கை சும்மா விட்டுக்கொடுத்தால் போதும். டயாபொலோ ஒரு பக்கம் சாய்ந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மேலே தூக்கப் பார்ப்பார்கள். சுழலும் பொருள் அப்படிக் கேட்காது. வலது கோலைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நகர்த்திக் கயிற்றைக் கிண்ணத்தோரம் உரசவிட்டால் மெல்ல நிமிரும். அது திரும்பினால் ஆளும் கூடவே திரும்பிக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் வைக்கும்போது இருசைத் தட்டிச் சுற்றிப் பாருங்கள். கிண்ணத்தோடு இருசும் சேர்ந்தே சுற்றினால் பழைய வகை. இருசு ஒரு திசையில் மட்டும் தனியாகச் சுற்றினால் உள்ளே பேரிங் இருக்கிறது. பேரிங் வைத்தது நெடுநேரம் சுற்றும், புதியவருக்கு உற்சாகம் கொடுக்கும். இரண்டுக்கும் பெயர்ச்சீட்டு வேறு நிறத்தில் ஒட்டுங்கள்.

யோ-யோவில் கயிறு விரலோடு கட்டியிருக்கும். பண்டைய கிரேக்கப் பாத்திரம் ஒன்றில், கி.மு. 440ஐ ஒட்டி, ஒரு பையன் யோ-யோ ஆடும் ஓவியம் இருக்கிறது. இப்போதைய யோ-யோவை அமெரிக்காவில் வியாபாரமாக்கியவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பெட்ரோ புளோரஸ். 1928இல் கலிஃபோர்னியாவில் தொழிற்சாலை தொடங்கினார். அவருடையதில் கயிறு இருசில் முடிச்சிடப்படாமல் வளையமாக மாட்டியிருந்தது. அதனால்தான் யோ-யோ கீழே போய் அங்கேயே நின்று சுற்ற முடிந்தது, வித்தைகள் பெருகின.

யோ-யோவை இரண்டாகப் பிரியுங்கள். சுண்டி இழுத்தால் திரும்பி வருவது ஒன்று. சுண்டினாலும் வராமல், கயிற்றை மடித்துக் கொடுத்தால்தான் வருவது இன்னொன்று. இரண்டாவதைப் புதியவர் கையில் கொடுத்தால் உடைந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருவார். போட்டிகளில் ஐந்து பிரிவு உண்டு. ஒற்றை யோ-யோவில் கயிற்று வித்தை 1ஏ. இரண்டு கையிலும் சுழற்றி வீசுவது 2ஏ. இரண்டு கையிலும் கயிற்று வித்தை 3ஏ. கயிற்றோடு கட்டாதது 4ஏ. விரலில் கட்டாமல் கயிற்று முனையில் எடை வைத்தது 5ஏ. எங்களிடம் 1ஏவும் 4ஏவும்தான் இருக்கின்றன. 4ஏ யோ-யோ கயிற்றை விட்டுக் காற்றில் பறந்து மறுபடி கயிற்றில் வந்து உட்காரும். செயலைப் பார்த்தால் அது டயாபொலோவின் தம்பி, அதனால் டயாபொலோவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

படி 4: கெண்டாமாவுக்குத் தனி இடம்

கெண்டாமா என்பது கயிற்றால் பந்து கட்டிய மரப்பிடி. அதில் கயிறு இருக்கிறது, பந்து இருக்கிறது, குத்தும் முனையும் மூன்று கிண்ணமும் இருக்கின்றன. எந்தப் பெட்டி? நான் இரண்டு வாரம் யோசித்தேன். கயிறு பந்தை ஓட விடாமல் பிடித்துக்கொள்கிறது, ஆனால் ஆட்டத்தை நடத்துவது கயிறு இல்லை. பந்தை மேலே இழுத்துவிட்டு, அது எடையற்று நிற்கும் அந்தக் கணத்தில் கிண்ணத்தை அடியில் கொண்டுபோவதுதான் வித்தை. கை கொஞ்சம்தான் அசையும், முட்டி மடங்கி நிமிர வேண்டும். பிடிப்பதுதான் இதன் உயிர் என்பதால் எறி பெட்டிக்கு அடுத்த தட்டில் வைத்தேன். ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் ஹட்சுகாய்ச்சி என்ற ஊரில் 2014 முதல் இதற்கு உலகப் போட்டி நடக்கிறது.

பந்தின் ஓட்டை ஓரம் சிதைந்திருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். சிதைந்த ஓட்டையில் முனையைச் செருகுவது சுலபமாகிவிடும். அதில் பழகிய பிள்ளை புதுசு கிடைத்ததும் சோர்ந்துபோகும்.

படி 5: கையை விட்டுப் போகாதவை

சுழற்றுபவை ஒரு பெட்டி: சிலம்பக் கம்பு, கர்லாக்கட்டை, கயிற்று நுனியில் பந்து கட்டிச் சுழற்றும் நியூசிலாந்து மாவோரி மக்களின் ‘போய்’, இடுப்பு வளையம். இங்கே சாமான் கையையோ உடம்பையோ விடாது, கை மாறும், வட்டம் மாறும். கிளப்பையும் கர்லாக்கட்டையையும் பிரித்தது இதனால்தான். உருவம் அண்ணன் தம்பி, வேலை வேறு. ‘போய்’ பழக நீளமான காலுறையின் நுனியில் அரிசிப் பந்து ஒன்றைப் போட்டால் போதும். சிலம்பம் ஆசான் இல்லாமல் வேண்டாம். கம்பு சுழலும் வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதை நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

சமநிலை வித்தை இன்னொரு பெட்டி: கரகச் சொம்பு, உள்ளங்கையில் நிறுத்தும் மயிலிறகு, கையிலும் தோளிலும் உருட்டும் பெரிய பந்து. புதியவருக்கு முதலில் மயிலிறகு கொடுங்கள். நீளமாக, லேசாக இருப்பது மெதுவாகச் சாயும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பார்வை நுனியில் இருக்க வேண்டும்.

ஆளே மேலே ஏறும் மரக்கால், ஒற்றைச் சக்கர வண்டி ஆகியவற்றைப் பெட்டியில் போட முடியாது. சுவரோரம் சாய்த்து, பெரியவர் இருக்கும்போது மட்டும் என்று எழுதி வையுங்கள். விரலுக்குள் சுற்றும் பேனா வகையறாவுக்கு ஒரு பிஸ்கட் டின் போதும்.

படி 6: எல்லையில் நிற்பவை

சில சாமான்கள் இரண்டு பெட்டிக்கும் பதில் சொல்லும். இரண்டு கோலால் மூன்றாவது கோலைத் தட்டித் தட்டிக் காற்றில் வைத்திருக்கும் டெவில் ஸ்டிக் அப்படி ஒன்று. பிடிப்பதே இல்லை, கட்டியும் இல்லை, சுழற்சியும் அரைகுறை. இப்படி வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் திறமையுள்ள பிள்ளை அடுத்து எதைச் சுலபமாகப் பழகும்? டெவில் ஸ்டிக்கில் கை தேர்ந்தவர்கள் டயாபொலோவுக்குச் சீக்கிரம் மாறியதை எங்கள் மண்டபத்தில் பார்த்தேன். இரண்டிலும் இரு கையும் கோல் வழியாகவே பேசுகின்றன. அதனால் அங்கே வைத்தேன். வேறு மண்டபத்தில் வேறு முடிவு வரலாம். வந்த முடிவைக் காரணத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் வாராவாரம் அதே வாக்குவாதம் நடக்கும்.

படி 7: பெட்டியில் அடுக்குவது

பெட்டிக்குப் பெயர் எழுதும்போது பொருளின் பெயரை எழுதாமல் செயலை எழுதுங்கள்: எறி, சுழல், பிடி, வீசு, நிறுத்து. ஐந்தே சொற்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட வாசித்து எடுத்துவிடும். ஒவ்வொரு பெட்டியிலும் சுலபமானது மேலே, கடினமானது அடியில். சின்னச் சாமான்களுக்கு நான் ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குகளைக் கழுவி வைத்திருக்கிறேன். பால் எடுக்க யாரும் தேடாத மங்கில் இப்போது அஞ்சாங்கல் ஐந்தும் குடியிருக்கின்றன.

நம் ஊர் ஈரத்தில் முதலில் கெடுவது கயிறு. யோ-யோவின் பருத்திக் கயிறு பூஞ்சை பிடித்தால் அறுந்து முகத்தில் அடிக்கும். நுனி நார் பிரிந்ததும் மாற்றுங்கள். பேரிங்கைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். கெண்டாமாவை வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும், நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிகளை வாரம் ஒருமுறை திறந்து காற்றோட விடுங்கள்.

போன சனிக்கிழமை எட்டு வயதுப் பையன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தான். சோடா மூடியைத் தட்டையாக்கி, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்தது. இரு கையாலும் நூலை முறுக்கி இழுத்தால் மூடி ஙொய்யென்று கத்திக்கொண்டு சுற்றும். தாத்தா செய்து கொடுத்தாராம். “மாமா, இது எந்தப் பெட்டி?” நான் பதில் சொல்லவில்லை. அவனே பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தான். கையை விட்டுப் போகவில்லை. ஆனால் சுற்றாவிட்டால் ஒன்றுமில்லை. கயிறு கடைசிவரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து போய் ‘சுழல்’ பெட்டியைத் திறந்து, டயாபொலோவுக்கும் யோ-யோவுக்கும் நடுவில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைக் கேட்டான்.